மலை இறங்கிய வோல்கா

என் அக்காள் புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லு என்றால், நான் திட்டித்தான் ஆரம்பிப்பேன். எங்கள் பக்கம் அப்படித்தான். மச்சானும் மச்சினியும் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணாமல் உட்கார்ந்திருந்தால், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெனெஷ் மச்சான் பிடிவாதக்காரர், மூக்குமேல் கோபம், ஒரு கார் மேல் பைத்தியம். பாட்டு வராது, ஆனால் பாடுவார்.

மேலே அத்-பாஷி மலையூரில் கால்நடை மருத்துவருக்கு டிரைவராக இருந்தவர். கோடையில் மேய்ச்சல் மலைகளுக்கு மருத்துவரை ஏற்றிப் போவதும், ஊசி போடும்போது குதிரையின் காலைப் பிடித்துக்கொள்வதும்தான் வேலை. அரசாங்க ஜீப்பை ஓட்டிய கைக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கொட்டகையில் பழைய வோல்கா நின்றது. மூக்கில் பாய்கிற மான் பொம்மை வைத்த அந்தக் காலத்து வண்டி. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மச்சான் என்ன செய்தார் தெரியுமா? விலையைப் பேசி முடித்துவிட்டு, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் காத்திருந்து வண்டியை எடுத்து வந்தார். "அவசரம் என்ன? அவ வேலைய அவ முடிக்கட்டும்" என்றாராம். இந்தக் கதையைக் கேட்டுத்தான் என் அக்கா அனார்குல் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். கோழிக்கே இவ்வளவு பொறுமை என்றால் பெண்டாட்டிக்குக் கேட்கவா வேண்டும் என்று கணக்குப் போட்டாள், பாவம். அந்தப் பொறுமையெல்லாம் கோழியோடு தீர்ந்துவிட்டது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டி மட்டும் குறை சொல்ல முடியாத வண்டி. தோலோன் கணவாயில் மற்ற பழைய வண்டிகள் கரும்புகை கக்கி ஓரமாக நின்று மூச்சு வாங்கும்போது, இவர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு பாடியபடி தாண்டிப் போவார். ஒருமுறை பனியில் வழிதவறிய குதிரைக்குட்டியைப் பின்சீட்டில் ஏற்றி, அதன் தலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கடைத்தெரு வழியாக ஓட்டி வந்தார். அத்-பாஷியில் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் நாய்கள்கூடக் குரைக்காது. அவ்வளவு பழக்கம்.

பிறகு அக்காவுக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. இரண்டு வாளி தண்ணீர் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உதடு நீலம் பாயும். பக்கத்து நகரமான நரீனில் இருந்த டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இந்த நெஞ்சுக்கு மலைக்காற்று போதாது, கீழே கொண்டுபோங்கள். அப்படித்தான் இரண்டு பேரும் சமவெளிக்கு இறங்கி, தோக்மோக்கில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில், மகன் உலுக்பெக்கோடு வந்து சேர்ந்தார்கள்.

மச்சான் மட்டும் அத்-பாஷி வீட்டை விற்கவில்லை. பூட்டிவிட்டு வந்தார்.

"ஒரு வருஷம் பாப்போம். இவளுக்கு ஒடம்பு தேறினதும் போயிடுவோம்" என்றார், வந்த அன்றைக்கே.

"தேறினதும் எதுக்கு மச்சான் போகணும்? மறுபடி சீக்காகவா?" என்றேன்.

"ஒனக்கு அதெல்லாம் புரியாது ஜூரா. நீ சம்சா சுடு."

நான் சந்தையில் சம்சா சுட்டு விற்கிறவள்தான். இருந்தாலும் என் அக்காவை எனக்குத் தெரியும். அவர் போகலாம் என்றால் அவள் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைக் கட்டுவாள். அங்கே போனால் அந்த நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் அக்கா கீழேயே இருக்க வேண்டும். அதற்கு இந்த மனுஷன் கீழே இருக்க வேண்டும்.

வோல்காவுக்கும் சமவெளி ஒத்துக்கொள்ளவில்லை. பூம் பள்ளத்தாக்கில் இறங்கும்போதே இருமத் தொடங்கியதாம். இங்கே வந்தபின் இன்னும் மோசம். ஆக்சிலேட்டரை மிதித்தால் 'டுப்' என்று வெடிக்கும், இழுக்காது, சீக்கிரமே சூடாகும். சிக்னலில் நின்றால் அப்படியே அணைந்துபோகும். அதுவும் சரியாக என் கடைக்கு எதிரில். என் கடையில் டீ குடிக்கிற ஆண்களுக்கு அது தினசரி கூத்து.

"கெனெஷண்ணே, மானை எறக்கிவிட்டு முன்னால பூட்டுங்க, அது இழுக்கும்!"

"பெட்ரோல் மட்டம்ணே, அதான்."

"பெட்ரோல் இல்ல, பம்பு. என் மாமன் வண்டிக்கும் இப்படித்தான்."

"பம்புமில்ல ஒண்ணுமில்ல, வயசு!"

மச்சான் யாருக்கும் பதில் சொல்லமாட்டார். பானட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் கார்புரேட்டரில் எதையோ துளி திருகுவார். வண்டி கொஞ்ச நேரம் ஓடும். அடுத்த திருப்பத்தில் மறுபடி இருமும். முப்பது வருஷ டிரைவருக்கு ஒரு இருமலை நிறுத்தத் தெரியாதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை. ஆனால் அடுப்பில் சம்சா கருகிக்கொண்டிருக்கும்போது யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

இதற்கு நடுவில் உலுக்பெக்குக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் பேர் ஜிபார், இங்கேயே மருந்துக்கடையில் வேலை, கண்ணும் மூக்குமாக இருப்பாள், வாயும் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டைப் பார்க்க வந்த அன்று அக்கா சமையலில் ஒரு கூத்து நடந்தது. மேலே தண்ணீர் கொதிப்பது பெயருக்குத்தான், கறி வேக அரைநாள் ஆகும். அக்கா அதே கணக்கில் விடிந்ததும் ஆட்டுக்கறியை ஏற்றிவிட்டாள். கறியும் நூடுல்ஸும் கலந்த பெஷ்பர்மக் தாம்பாளம் வந்தபோது எலும்பு தனியாக, கறி கஞ்சியாக இருந்தது. விருந்தாளிக்கு மரியாதையாக எலும்போடு கறித்துண்டு எடுத்து வைக்க வேண்டும்; எடுத்தால் வழுக்கி விழுகிறது. சம்பந்தி வழுக்கையும் பல்லில்லாத வாயுமான நல்ல மனிதர். "அம்மாடி, எனக்குப் பல்லு இல்லன்னு யாரு சொன்னது ஒங்களுக்கு? இவ்வளவு அக்கறையா எனக்கு யாரும் ஆக்கிப் போட்டதில்ல" என்றார். வீடே சிரித்துக் குலுங்கியது. அக்கா முகத்தைத் துணியில் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஜிபார் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள்.

"மாமா, அந்த மான் வண்டி ஒங்களோடதா?"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாம்மா."

"கல்யாணத்துக்கு வெள்ளைக் கார் வாடகைக்கு எடுக்கிறாங்களாம். எனக்கு அதெல்லாம் வேணாம். நான் அதுல வரட்டுமா? நீங்களே ஓட்டணும்."

அடேயப்பா, மச்சான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மீசை ஆடியது. "வராம? நீ வேற எதுல வந்தாலும் கேட்டத் தொறக்க மாட்டேன்!" என்று நெஞ்சில் அடித்துச் சொல்லிவிட்டார். சொன்ன அடுத்த நிமிஷமே அந்த முகம் வாடியதை நான் ஒருத்திதான் கவனித்தேன்.

வாடாமல் என்ன செய்யும்? மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும் வண்டியை எங்கள் பக்கம் யார் சும்மா விடுவார்கள்? தெருவுக்குத் தெரு பிள்ளைகள் குறுக்கே கயிறு கட்டி நிற்பார்கள். நின்று, மிட்டாயும் கைக்குட்டையும் காசும் கொடுத்து, அவர்கள் வாழ்த்திக் கயிற்றை இறக்கிய பிறகுதான் நகர முடியும். சிக்னலில்கூட நிற்கத் தெரியாத வண்டி கயிற்றுக்குக் கயிறு அணைந்தால், சம்பந்தி வீட்டு ஆண்கள் கல்யாணக் கோட்டோடு இறங்கித் தள்ள வேண்டியதுதான். மானம் கப்பலேறிவிடும்.

மறுநாள் டீ எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வண்டிக் கொட்டகைக்குப் போனேன். மச்சான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பித்தளைத் துண்டு, சட்டைப் பொத்தான் அளவு.

"என்னது மச்சான் அது?"

"ஜெட்டு. இது வழியாத்தான் பெட்ரோல் போகுது." வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நடுவில் ஊசிமுனைத் துளை. துளையைச் சுற்றி ஈயம் அடைத்திருந்தது. "மேல காத்து கம்மி. காத்து கம்மியா இருந்தா பெட்ரோலையும் கம்மி பண்ணணும், இல்லன்னா புகைதான். அதான் ஈயத்த ஊத்தி அடைச்சு, ஆட்டுக்குட்டிக்குப் போடற ஊசியால சின்னதா ஒரு ஓட்ட போட்டேன். இங்க காத்து நெறைய இருக்கு. பெட்ரோல் பத்தல. பட்டினி வண்டி, இருமாம என்ன செய்யும்?"

நான் அவர் பக்கம் குனிந்தேன். "அப்ப என்ன பண்ணணும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஈயத்த உருக்கி எடுத்துட்டா பழைய ஓட்ட வந்துடும். நீ ஒரு டீ போடற நேரம்."

"இத்தனை மாசமா சந்தையே சிரிக்குது, ஒரு டீ போடற வேலையச் செய்யாம ஸ்க்ரூவத் திருகிட்டு இருந்தீங்களா? ஏன்?"

அவர் ஜெட்டைத் துணியில் துடைத்தார். நான் விடுவேனா? டம்ளரை 'ணங்' என்று வைத்தேன்.

"உருக்கிட்டா வண்டி மேல ஏறாதுடி" என்றார் கடைசியில். "புகையக் கக்கிட்டுப் பாதி வழியில நிக்கும்."

"நின்னா? மறுபடி அடைச்சுக்கறது!"

"அடைக்கலாம். அடைக்க மாட்டேன். என்னைய எனக்குத் தெரியும் ஜூரா. உருக்கிட்டேன்னா அப்புறம் இங்கதான்." தலையைக் குனிந்துகொண்டார். "அங்க நான் கெனெஷ். இங்க நான் யாரு? உலுக்பெக்கோட அப்பன். சிக்னல்ல நிக்கிற கெழவன்."

பாவமாக இருந்தது, கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "நீங்க போனா அவளும் வருவா, தெரியுமில்ல? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டா. ஒங்க பின்னாலயே வந்து, ஒங்க பின்னாலயே செத்துப்போவா. ஒங்க வண்டிக்குக் காத்து எவ்வளவுன்னு கணக்குத் தெரியுது, அவளுக்கு எவ்வளவுன்னு தெரியலையா?" கத்திவிட்டு, வைத்த டீயையும் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

அதற்கும் அசையவில்லை மனுஷர். ஜெட்டை அப்படியே திரும்ப மாட்டி, ஸ்க்ரூவைத் திருகி, வண்டி நிற்கும்போது கொஞ்சம் வேகமாக உறுமும்படி வைத்தார். "கல்யாணம் வரைக்கும் இது தாங்கும்" என்றார்.

"அப்படியா? கயிறு கட்டிப் பாத்துடுவோம் வாங்க" என்றேன். எனக்கும் பிடிவாதம் உண்டு, ஒரே குடும்பத்தில்தானே குப்பை கொட்டுகிறோம்.

துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்தேன். தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? ஒத்திகைக்கும் மிட்டாய் உண்டு என்றதும் பறந்து வந்தார்கள். அக்காவை மணப்பெண்ணாகப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். அவள் தலையில் மேஜை விரிப்பைப் போட்டுக்கொண்டு, வெட்கப்படுவதுபோல் குனிந்து, விரிப்புக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மச்சான் விறைப்பாக ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் கயிறு. வண்டி நின்றது, உறுமியது, நடுங்கியது, அணைந்தது. ஸ்டார்ட் பண்ணினார். இரண்டாவது கயிறு. அணைந்தது. மூன்றாவது கயிற்றில் 'டுப்' என்று ஒரு வெடி. பிள்ளைகள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு வண்டி பிடிக்கவே இல்லை.

"தள்ளணும்" என்றார் மச்சான், வெளியே பார்க்காமல்.

நானும் பிள்ளைகளும் பின்னால் போய்க் கையை வைத்தோம். கதவு திறந்தது. மேஜை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மணப்பெண் இறங்கி வந்து, எனக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள்.

"அக்கா, நீ வேணாம்!"

"அட, நகருடி."

எங்கள் தெரு லேசான ஏற்றம். வோல்கா இரும்பு மலை. பாதி தூரத்தில் எனக்கு மூச்சு இரைத்தது, நின்றுவிட்டேன். அக்கா நிற்கவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து தள்ளிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்து, "என்னடி, சம்சா தின்னு தின்னு ஒடம்ப வளத்து வச்சிருக்க! வா, வா!" என்று என்னைக் கேலி வேறு. தெருமுனை வரைக்கும் போய்விட்டார்கள். வண்டி பிடிக்கவில்லை. அக்கா முன்னால் போய் டிரைவர் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். நான் பதறி ஓடினேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்ன மாப்ளையோட அப்பா, இன்னொரு தடவ தள்ளவா? இல்ல, ஒங்களயும் சேத்துத் தூக்கிட்டுப் போகவா?"

மச்சான் அவளையே பார்த்தார். கன்னம் இரண்டும் ஆப்பிளாகச் சிவந்திருந்தது. உதட்டில் நீலத்தின் சுவடே இல்லை.

"அனார்... மூச்சு?"

"எந்த மூச்சு?" என்றாள் அக்கா.

நிஜமாகவே மறந்துபோயிருந்தாள். வாளியைத் தூக்கினால் சுவரைத் தேடியவள், ஒரு வோல்காவைத் தெருமுனை வரைக்கும் தள்ளிவிட்டு எந்த மூச்சு என்று கேட்கிறாள். மச்சான் இறங்கினார். பானட்டைத் திறந்தார். அங்கேயே, நடுத்தெருவில், கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். முதுகுப் பக்கம் சட்டை குலுங்கியதைப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை, அவள் பிள்ளைகளுக்கு மிட்டாய் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் என் சமையலறையில் வந்து நின்றார். "ஜூரா, அடுப்பப் பத்த வை."

பெட்ரோல் வாடை போகத் துடைத்த ஜெட்டைக் குறட்டில் பிடித்துத் தீயில் காட்டினார். ஈயம் முதலில் மினுங்கியது, பிறகு வேர்த்தது, அவர் குறட்டைத் தட்டியதும் 'சொத்' என்று விழுந்தது. என் நல்ல தட்டில்தான் விழுந்தது. திட்ட வாயெடுத்தேன். அவர் துளையைக் கண்ணருகே வைத்து என்னைப் பார்த்தார். "ஒன் மூஞ்சி நல்லாத் தெரியுது. அசிங்கமா இருக்கு" என்றார். அப்பாடா, பழைய மச்சான் வந்துவிட்டார் என்று எனக்கு உயிர் வந்தது.

மாட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணினார். ஸ்க்ரூவை வெளியே திருகுவார், காதைச் சாய்ப்பார், கொஞ்சம் உள்ளே திருகுவார், மறுபடி காதைச் சாய்ப்பார். உறுமல் குறைந்து குறைந்து, கடைசியில் அடுப்பில் பால் காய்கிற சத்தம்போல அடங்கி, ஒரே சீராக ஓடியது. அக்கா வாசலில் நின்று, "இப்ப நல்லாருக்குங்க, அதுல விடுங்க" என்றாள். அவரும் அதிலேயே விட்டார்.

கல்யாணத்தன்று கயிற்றுக்குப் பஞ்சமே இல்லை. எத்தனை என்று யார் எண்ணினார்கள்? முன்சீட்டில் உட்கார்ந்து மிட்டாயும் கைக்குட்டையும் கொடுத்து என் கைதான் ஓய்ந்தது. பின்சீட்டில் உலுக்பெக்குக்குப் பக்கத்தில் ஜிபார் வெள்ளை முக்காட்டுக்குள் இருந்து, "அடுத்த கயிறு எங்க, அடுத்த கயிறு எங்க?" என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு கயிற்றுக்கும் வண்டி நின்றது, முணுமுணுத்தபடி காத்திருந்தது, கயிறு இறங்கியதும் ஒரு மிதிக்குக் கிளம்பியது. என் கடைக்கு எதிரில் டீ குடிக்கிற பெரிய மனிதர்கள் எல்லாரும் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத் தாங்களே கயிற்றைப் பிடித்து நின்றார்கள். வேண்டுமென்றே நேரத்தை இழுத்தார்கள். வாழ்த்தினார்கள், மறுபடி வாழ்த்தினார்கள், ஒருவர் பாட்டே பாடினார். வண்டி அணையவில்லை. பம்பு என்று சொன்னவர் குனிந்து பானட்டில் காதை வைத்துப் பார்த்து, "ஓடுதுப்பா!" என்றார். மச்சான் ஹாரனில் கையை வைத்தார் பாருங்கள், அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

முற்றத்தில் வண்டி நின்றதும் அக்கா வந்து மருமகள் தலைமேல் மிட்டாயையும் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளையும் இறைத்தாள். குனிந்து குனிந்து பொறுக்கிய கூட்டத்தில் மச்சானும் இருந்தார். அவர் பாடினார். யாரும் தடுக்கவில்லை, கல்யாணம் அல்லவா.

அடுத்த வாரம் அத்-பாஷியிலிருந்து அந்தக் கால்நடை மருத்துவர் போன் பண்ணினார். மச்சானுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனில் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். அக்காவும் நானும் மாவு தேய்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன கெனெஷ், கல்யாணம் முடிஞ்சுதே. எப்ப வர்ற? பனி விழுறதுக்கு முன்னால வந்துடு."

அக்காவின் உருளைக்கட்டை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மாவைப் பார்த்தாள்.

"வண்டிக்கு இனிமே அங்க ஒத்துக்காது டாக்டர்" என்றார் மச்சான்.

"ஏன்? ஈயம் தீந்துபோச்சா? இங்க என்கிட்ட நெறைய இருக்கு, வா."

"நீங்களே வச்சுக்குங்க. ஒரு உதவி பண்ணுங்க டாக்டர். நம்ம வீட்ட யாராவது வாங்குறாங்களான்னு விசாரிங்க. நல்ல ஆளா இருக்கணும், கூரை சரிபண்ணத் தெரிஞ்ச ஆளா."

மருத்துவர் குரலில் இருந்த கேலி போய்விட்டது. பிறகு மருத்துவர் கேட்டார்: "அனார்குலுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான் இருக்கா. மாவு தேய்க்காம ஒட்டுக் கேக்குறா."

அக்கா உருளைக்கட்டையோடு எழுந்தாள். என்ன செய்யப் போகிறாளோ என்று நான் பார்த்தேன். நேராக அவரிடம் போய், மாவு ஒட்டிய கையாலேயே அவர் கன்னத்தைப் பிடித்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

"டாக்டர், அப்புறம் பேசறேன்" என்றார் மச்சான். போனை அணைக்க மறந்துவிட்டார்.